தோள்பட்டை வலி உள்ளவர் ரெசிஸ்டன்ஸ் பேண்டில் (இழுத்துப் பயிற்சி செய்யும் மீள்பட்டை) எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: வலது தோளின் ரோட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சூழ்ந்திருக்கும் தசைகள்) தசைநாணில் அழற்சி இருந்து, இப்போது கடும் வலி தணிந்துவிட்டதால் இலேசான பயிற்சியைத் தொடங்கலாம் என்று மருத்துவர் கூறியுள்ளார். டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கினால் இன்னும் வலிக்கிறது. பேண்டில் எந்த அசைவு முதலில் ஏற்றது?

பதில் 1: வணக்கம் ஐயா. வெளிப்புறச் சுழற்சியே முதலில் ஏற்றது. பேண்டை முழங்கை உயரத்தில் உறுதியான ஜன்னல் கம்பியில் கட்டி, இடது தோள் கம்பியின் பக்கம் இருக்குமாறு நின்று, வலது முழங்கையை 90 பாகை மடக்கி, அதற்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டொன்றை வைத்துக்கொண்டு, முன்கையை மட்டும் வெளிப்புறமாக மெதுவாகத் திருப்புங்கள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை உடலை விட்டு விலகுகிறது என்று பொருள். திரும்பும்போது பேண்ட் கையை வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள். என் அனுபவத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பதில் 2: பேண்ட் நீள நீள இழுவிசை கூடும் என்பதால் அசைவின் கடைசிப் பகுதியில்தான் சுமை அதிகம். வலி அங்கே எழுந்தால் கம்பியை நெருங்கி நில்லுங்கள். நிறத்தை வைத்து வலுவைக் கணிக்க வேண்டாம். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

பதில் 3: பேண்டைக் காலால் மிதித்து முகவாய் வரை நேராக மேலே இழுக்கும் பயிற்சியை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். இரவில் வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, கையை உயர்த்தும் வலு திடீரெனக் குறைந்தாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரை மீண்டும் பாருங்கள்.