லோன் பத்திரத்துல இருக்கிற நடுவர் ஷரத்து வேணுமுங்க

ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் வண்டி லோன் எடுத்தவங்க, பத்திரத்துல 'ஆர்பிட்ரேஷன்'னு (தகராறைக் கோர்ட்டுக்குப் பதிலா தனி நடுவர் தீர்க்கறது) வர்ற பத்தியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. பேரு, லோன் நம்பரை மறைச்சிடுங்க. இந்தக் கட்டாய ஷரத்தை நீக்கச் சொல்லி மனு தயாராகுது. நடுவரை யாரு நியமிக்கிறாங்க, விசாரணை எந்த ஊர்ல, இந்த ரெண்டு வரிதான் முக்கியம்.

கம்பெனியே தன்னிச்சையா ஒத்தை நடுவரைப் போடறது செல்லாதுன்னு 2019-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அப்படியும் சென்னையிலிருந்து நோட்டீஸ் வருது. போகலைன்னா ஒருதலை உத்தரவு, அப்புறம் உள்ளூர் கோர்ட்டுல ஜப்தி. கவரைக் குப்பையில போட்டுடாதீங்க, தபால் முத்திரைத் தேதிதான் ஆதாரம். உத்தரவு கைக்கு வந்து 3 மாசத்துக்குள்ள அதை ரத்து பண்ணச் சொல்லி, நடுவர் தீர்ப்பு பத்தின சட்டத்தோட (Arbitration and Conciliation Act, 1996) 34-வது பிரிவுல கோர்ட்டுல மனு போடணும். தாண்டினா, தகுந்த காரணம் காட்டி இன்னொரு 30 நாள், அவ்வளவுதான். 'நடுவருக்குச் சம்மதம்'னு நீட்டற கடுதாசியில கையெழுத்துப் போட்டா, கம்பெனியோட தொடர்புள்ளவங்க நடுவரா இருக்கக் கூடாதுங்கிற அதே சட்டத்தோட 12(5) பிரிவுப் பாதுகாப்பு போயிடும்.

மில் வேலை ஆர்டர்ல இதே பத்தி இருந்தாலும் அனுப்புங்க.