மே 18 கூட்டத்தில் இன்னொரு விளக்கு ஏற்றலாமா?

அல்சூர் செல்வி:
மே 18 அன்று பெங்களூரு அல்சூரில் நம் வாசகர் வட்டம் நடத்தும், 2009 ஈழப் போரின் முடிவில் கொல்லப்பட்ட தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுக் கூட்டத்தில், 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து புலிகள் விரட்டிய முஸ்லிம்களுக்கும் ஒரு விளக்கு ஏற்றக் கேட்டிருந்தேன். மூன்று பேர் தனியாக எழுதி மறுத்தார்கள். எல்லோர் முன்னும் பேசிவிடுவோம்.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் போரை எதிர்த்த 'கறுப்பு உடைப் பெண்கள்' குழுவினர் 1991 அக்டோபர் 9 அன்று தெருவில் நிற்கத் தொடங்கினார்கள். 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் போஸ்னிய செர்பியப் படை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றது. அவர்களுக்காக ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று, தங்கள் தலைநகரின் நடுச் சதுக்கத்தில், தங்கள் சனத்தின் வசவைக் கேட்டுக்கொண்டே வாய் திறக்காமல் நிற்கிறார்கள். 'எங்கள் பெயரால் வேண்டாம்' என்பதுதான் அவர்கள் சொல்வது. நாமும் அதைச் சொல்லவேண்டாமா?

கோலார் பேரன்:
அம்மா, ஒப்பீடே தவறு. செர்பியாவுக்கு அரசு இருந்தது, படை இருந்தது. இனப்படுகொலையைத் தடுக்கத் தவறியது என்று 2007இல் சர்வதேச நீதிமன்றமே அதன்மேல் தீர்ப்பு எழுதியது. நம்மிடம் என்ன இருக்கிறது? 2024 மே மாதம் இலங்கையின் சம்பூரில், போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்களையே கைது செய்தார்கள். 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தாய்மார்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பதில் வரட்டும், பிறகு நம் குற்றங்களைப் பேசுவோம். இழவு வீட்டில் கணக்குப் பார்க்கிறவர் யார்?

அல்சூர் செல்வி:
'பிறகு' என்பது எப்போது, தம்பி? வட மாகாணம் முழுவதிலிருந்தும் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் வெளியேற இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். அவர்களும் தமிழ்தான் பேசினார்கள். அவர்களுக்கு நாம் 35 ஆண்டுகளாக 'பிறகு' சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பின்னிபேட்டை ராஜம்:
எனக்கு இருவர்மேலும் கோபம். செல்வி, அந்த மௌனம் எனக்கு ஒட்டவில்லை. நம் ஊரில் பெண்கள் மாரடித்து, பெயர் சொல்லி, ஒப்பாரி வைத்து அழுவார்கள்; செத்தவனின் குறையையும் அதிலேயே பாடிவிடுவார்கள். கறுப்புத் துணியோ, போட்டுக்கொண்டு நின்றால் திராவிடர் கழகக் கூட்டம் என்றுதான் நினைப்பார்கள்! (என் மாமனார் அப்படித்தான் கேட்பார்.) அந்தப் பெல்கிரேட் பெண்களும் எப்போதும் மௌனமாக இருந்துவிடவில்லை. 2015 மே மாதம் போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் அவர்களும் சேர்ந்து நடத்திய 'பெண்கள் நீதிமன்றம்' கூடியது. முன்னாள் யூகோஸ்லாவியாவின் பல பக்கத்துப் பெண்களும் தங்களுக்கு நடந்ததை வாய்விட்டுச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

தம்பி, உனக்கு ஒன்று. 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, எங்கள் தெருவில் தமிழர் கடைகள் எரிந்தன. எதிர்வீட்டுக் கன்னட அம்மா எங்கள் நான்கு பேரை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு இரவு ஒளித்து வைத்தார். மூன்றாம் நாள் காலையில் வெளியே வந்து, எரிந்த கடையைப் பார்த்து, "இது எங்கள் ஆட்கள் செய்தது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த நாட்களைப் பற்றி யார் யாரோ எவ்வளவோ எழுதினார்கள், பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த ஒரு வாக்கியம்தான். அது அவருடைய குற்றம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கோலார் பேரன்:
ராஜம் அக்கா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா அதைத் தன் வீட்டு இழவன்று சொல்லவில்லையே? மே 18 அன்று அந்த விளக்கை ஏற்றினால், "பார், அவர்களே ஒப்புக்கொண்டார்கள்" என்று கொழும்பில் அதைக் காட்டிப் பேசுவார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களை விரட்டிய நாளான அக்டோபர் 30 அன்று தனிக் கூட்டம் வையுங்கள்.

அல்சூர் செல்வி:
தனியாக வைத்தால் நானும் ராஜம் அக்காவும் காலி நாற்காலிகளும்தான் இருப்போம். நீங்கள் வருவீர்களா?

கோலார் பேரன்:
வருவேன். நாற்காலியும் போடுவேன். மே 18 விளக்குக்கு இன்னும் சம்மதம் இல்லை.

பின்னிபேட்டை ராஜம்:
அது இருக்கட்டும், கஞ்சிக்கு அரிசி யார் வாங்குவது? போன வருடம் பச்சரிசி வாங்கி வந்து களியாக்கிவிட்டீர்கள்.