பொங்கல் லீவு 1.6 மேட்ச்: ஏடபிள்யூபிக்குத் தடை போடலாமா?

மஸ்கெலியா மின்னல்:
பொங்கல் லீவில் ஹட்டன் டவுன் கம்ப்யூட்டர் கேம் கடையில் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 (டீமாகத் துப்பாக்கிச் சண்டை போடும் கேம்) மேட்ச் வைக்கிறோம். டீமுக்கு ஐந்து பேர், மேப் (சண்டை நடக்கும் களம்) டஸ்ட் 2 மட்டும். போன தடவை ஒரே ஆள் களத்தின் நடுவில் இருக்கும் மிட் கதவு இடுக்கைப் பார்த்து ஏடபிள்யூபியோடு (தூரத்திலிருந்து சுடும் ஸ்னைப்பர் துப்பாக்கி) நின்றார். பி பக்கம் (குண்டு வைக்கும் இரண்டு இடங்களில் ஒன்று) ஓடிய சிடி (அதைக் காக்கும் டீம்) எல்லாம் காலி. இந்த முறை ஏடபிள்யூபி வேண்டாம் என்கிறேன். தோட்டத்துப் பொடியன்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் ஆடினால் பெரிய விஷயம், டவுன் ஆட்கள் தினமும் ஆடுகிறார்கள். நெஞ்சில் ஒரு குண்டு பட்டாலே சாவு என்றால், மற்றவன் எதற்குப் பஸ் காசு கொடுத்து வர வேண்டும்?

டிக்கோயா டீகிள்:
அந்த ஒரே ஆள் நான்தான் அண்ணே, பேர் சொல்லியே திட்டலாம். ஏடபிள்யூபியில் முதல் குண்டு தவறினால் அடுத்ததற்குள் ஏகே ரைஃபிள் வைத்திருப்பவன் கதையை முடித்துவிடுவான். காலில் பட்டால் ஆள் தப்பிவிடுவான். நான் நிற்பது தெரிந்தும் கேம் பணத்தில் 300 கொடுத்து ஒரு ஸ்மோக் (புகைக்குண்டு) வாங்காமல், ரவுண்டுக்கு ரவுண்டு அதே இடுக்கைத் தாண்டி ஓடினால் துப்பாக்கி என்ன செய்யும்?

பண்டாரவளை பாட்:
2003இல் வந்த 1.6க்கா இன்னும் சண்டை? 2023இலேயே அதே கேமின் புது வெர்ஷன் சிஎஸ் 2 வந்துவிட்டது.

மஸ்கெலியா மின்னல்:
அந்தக் கடை மெஷினில் சிஎஸ் 2 ஓட்டிக் காட்டுங்கள், கோப்பையை உங்களுக்கே தருகிறேன்.

லயத்து லெஜண்ட்:
தோட்டத்துப் பொடியன் என்று எங்களைச் சாட்டிப் பேச வேண்டாம் அண்ணே. நான் பொகவந்தலாவையிலிருந்து வருகிறவன், எனக்கும் ஏடபிள்யூபி பிடிக்கும். எங்கள் பிரச்சினை மவுஸ். ஓரத்து இரண்டு மெஷினிலும் இழுத்தால் ஒரு பக்கம், போவது ஒரு பக்கம். பஸ் வந்து சேருவதற்குள் நல்ல சீட்டெல்லாம் போய்விடும். பிறகு எந்தத் துப்பாக்கி இருந்து என்ன?

தலவாக்கலை பழசு:
தம்பிமாரே, கடையில் கேமுக்குள் துப்பாக்கி வாங்க வைத்திருக்கும் ஆரம்பப் பணம் எவ்வளவு என்று யாராவது பார்த்தீர்களா? 16,000. அதற்கு மேல் கேமே தராது. ஏடபிள்யூபி விலை 4,750, ஏகே 2,500. முறைப்படி 800இல் தொடங்கினால் முதல் ரவுண்டு பிஸ்டலோடு சரி. ஏடபிள்யூபி வாங்கிச் செத்தால் 4,750 போச்சு, அடுத்த ரவுண்டு கையைப் பிசைய வேண்டியதுதான். எதிரி அதை எடுத்து உங்களையே சுடுவான். அந்தப் பயம்தான் அதற்குப் பூட்டு. பூட்டைக் கழற்றிவிட்டு, வீட்டில் கள்ளன் என்று கத்துகிறோம். 16,000 என்பது சும்மா பொழுதுபோக்க வந்தவர்களுக்குக் கடைக்காரர் வைத்தது. மேட்சுக்கு ஏன்?

மஸ்கெலியா மின்னல்:
நியாயம்தான், ஆனால் முழு மேட்சுக்கு நேரம் இல்லையே. ஹாஃபுக்கு 15 ரவுண்டு வைத்தால் இரண்டு மேட்சிலேயே பொழுது சாய்ந்துவிடும், கடைசி பஸ்ஸும் போய்விடும். ஹாஃபுக்கு ஐந்து ரவுண்டு வைத்து 800இல் தொடங்கினால், பிஸ்டல் ரவுண்டை வென்றவன் அடுத்த இரண்டையும் அள்ளிவிடுவான். தோற்றவனுக்கு 1,400. அதில் என்ன வாங்குவது? கணக்கு நிமிர்வதற்குள் ஹாஃப் முடிந்துவிடும்.

தலவாக்கலை பழசு:
அதுவும் சரி. அப்படியென்றால் ஹாஃபுக்கு எட்டு ரவுண்டு, மொத்தம் நான்கு டீம் மட்டும். டீம் குறைந்தால் அழுவார்கள், அழட்டும்.

டிக்கோயா டீகிள்:
800க்கு நான் ரெடி. தடை இல்லை என்றால் போதும்.

லயத்து லெஜண்ட்:
நானும் ரெடி. ஆனால் சீட்டுக் குலுக்கித்தான் மெஷின் தர வேண்டும். முதலில் வந்தவனுக்கு முதல் இடம் என்றால் நாங்கள் வரவில்லை.

டிக்கோயா டீகிள்:
குலுக்குங்கள். நான் வீட்டிலிருந்து சொந்த மவுஸ் கொண்டுவருவேன்.

லயத்து லெஜண்ட்:
தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஹாஃப் மாறும்போது அதையும் மாற்றிக்கொள்வோம்.