புதுப்பிப்பு: பக் நாயா, பிரெஞ்ச் புல்டாக்கா? முடிவெடுத்தாச்சு

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டில் எது சரி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பக் குட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது.

இரண்டுமே சப்பை மூக்கு நாய்கள், மூச்சுத் தொல்லை வரக்கூடியவை. அதனால் கைகொடுத்தது ஒரே யோசனைதான்: "இனத்தை விடுங்கள், குட்டியின் மூக்குத் துவாரத்தையும் தாயின் மூச்சையும் பாருங்கள்." முதலில் பார்த்த புல்டாக் குட்டிக்குத் துவாரம் வெறும் கீறல். தாய் நாய் சும்மா படுத்திருக்கும்போதே கர்கர் என்று இழுத்தது. வேண்டாம் என்று வந்துவிட்டோம். பக் குட்டியின் தாயை மருத்துவர் மூன்று நிமிடம் வேகநடை நடக்கவிட்டு, முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். மூச்சில் சத்தமே இல்லை. வளர்ந்த பக் 6 முதல் 8 கிலோதான், புல்டாக் 13 கிலோ வரை போகும் என்பதும் ஒரு காரணம்.

எதிர்பாராதது முடி! குட்டை முடிதானே என்று அலட்சியமாக இருந்தேன். பல பக் நாய்களுக்கு ரோமம் இரண்டு அடுக்காம். சோபாவைப் பார்த்தால் நம்புவீர்கள். அப்புறம், மூக்கு மடிப்பைத் தினமும் துடைத்து ஈரமில்லாமல் வைக்கிறோம். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை. வெயில் ஏறுவதற்குள் நடை முடிந்துவிடும்.