ஃப்ளட்லைட் ராவுல மட்டும் பத்த என்ன செய்யலாம்?

கேள்வி: நானுஓயா பக்கம் நம்ம வீட்டு வாசல்ல 50 வாட்ஸ் எல்ஈடி ஃப்ளட்லைட்டுக்கு டே நைட் சென்சர் போட்டிருக்கு, ஆனா மிஸ்ட் இறங்குனா பகல் மூணு மணிக்கே பத்திக்கிது, இருட்டுனதும் விட்டு விட்டு மினுங்குது, கரண்ட் பில் வேற ஏறுது. என்ன செய்யலாம்ண்ணே?

பதில் 1: மினுங்குறது சென்சர்ல அந்த லைட்டோட வெளிச்சமே படுறதால தம்பி. பத்துனா விடிஞ்சிருச்சுன்னு அணைக்கும், அணைஞ்சா திரும்பப் போடும். சென்சர லைட்டுக்குப் பின்பக்கம், வானம் தெரியுற மாதிரி மாத்திப் பூட்டுங்க.

பதில் 2: மிஸ்ட்டுக்கு டைமர்தான் சரி. மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, டைமர்ல இருந்து வர்ற லைவ் வயர (கரண்ட் வர்ற கம்பிய) சென்சருக்குக் குடுங்க, அப்ப ரெண்டும் ஒத்துக்கிட்டாத்தான் பத்தும். இலங்கையில நானுஓயா பக்கம் வருஷம் முழுக்க பொழுது சாயுறது 5.45க்கும் 6.30க்கும் இடையிலதான், அதனால ஒருக்கா செட் பண்ணா போதும். பேட்டரி உள்ள டைமரா வாங்குங்க, இல்லாட்டி கரண்ட் போய் வந்தா நேரம் பிந்திரும்.