ஸ்மோக்கி மலை குவோஹி டவர்: போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவுக்குப் போய்வரும் நம்மவர்களிடம், அங்கே குவோஹி சிகரத்தின் மேல் சுற்றிப் பார்ப்பதற்காகக் கட்டியிருக்கிற டவர் எப்படி இருந்தது என்று கேட்டால், பெரும்பாலும் "ஒரே மேகம், ஒன்றுமே தெரியவில்லை, வேஸ்ட்" என்றுதான் பதில் வருகிறது. இதைக் கேட்டுக் கேட்டு மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன். அந்த இடம் அப்படி ஒரு வார்த்தையில் தள்ளிவிடக்கூடிய இடம் இல்லை.

முதலில் ஒரு விஷயம். பழைய மேப்பில் கிளிங்மன்ஸ் டோம் என்று போட்டிருக்கும், அதே இடம்தான். இந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் கேட்டுக்கொண்டதால் 2024 செப்டம்பரில் அவர்களுடைய பழைய பெயரையே அரசு திரும்ப வைத்துவிட்டது. டென்னசி, வடக்கு கரோலினா இரண்டுக்கும் எல்லையில் நிற்கிற சிகரம், 6,643 அடி உயரம், பூங்காவிலேயே இதுதான் உச்சி. ஆண்டுக்குச் சுமார் 85 அங்குல மழை கொட்டுகிற இடம். அங்கே மேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில். அடிவாரத்து ஊரான கேட்லின்பர்க்கில் அரைக்கை சட்டையோடு சுற்றிக்கொண்டிருந்தோம், மேலே பார்க்கிங்கில் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது (கீழே இருப்பதைவிட 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்). அங்கிருந்து டவருக்கு அரை மைல்தான், நல்ல தார்ப்பாதை, ஆனால் அந்த அரை மைலில் 330 அடி ஏறவேண்டும், மூச்சு வாங்கும். டவர் 1959இல் கட்டியது. படிக்கட்டே கிடையாது, 375 அடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சாய்தளம் வளைந்து வளைந்து மேலே போகிறது, அதன் உச்சியில் வட்டமான மேடை. தரையிலிருந்து 45 அடி. மலை உச்சியில் இப்படி ஒரு நவீனக் கட்டடம் எதற்கு என்று அப்போதே எதிர்ப்பு இருந்ததாம். எனக்கு அது பிடித்திருந்தது, காரணம் சொல்கிறேன்.

மேடையில் நாலு திசைக்கும் படத்தோடு பலகை வைத்து எந்த மலை எங்கே என்று குறித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பலகைகள் மட்டும்தான் தெரிந்தன, மலைகள் இல்லை. வந்தவர்கள் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நாங்களும் இறங்க ஆரம்பித்தோம், அப்போதுதான் என் மனைவி கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று "இங்கே பாருங்கள்" என்றாள். சாய்தளம் வளைகிற இடத்தில் ஒரு ஃபிரேசர் ஃபர் மரத்தின் உச்சிக் கிளை சரியாகக் கண் மட்டத்துக்கு வந்திருந்தது. ஊசியிலை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். இலையைக் கீழிருந்து பார்த்தால் அடியில் இரண்டு வெள்ளைக் கோடுகள். இந்த மரத்துக்குக் காய்கள் மேல் கிளைகளில்தான் பிடிக்கும், அதுவும் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும், பக்கத்திலேயே வளர்கிற ஸ்ப்ரூஸ் மரத்தில் என்றால் தொங்கும். தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது. படிக்கட்டு வைத்திருந்தால் மூச்சிரைக்க ஏறிப் போயிருப்போம், சாய்தளம் என்பதால் மரத்தின் பக்கத்திலேயே மெதுவாக நடக்கிறோம்.

அப்புறம் அந்தச் செத்த மரங்கள். மேகம் கொஞ்சம் விலகியதும் சாம்பல் நிறத்தில் வெறும் தண்டுகள் நிற்பது தெரிந்தது. காட்டுத்தீ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தீ இல்லை, ஒரு பூச்சி. ஐரோப்பாவிலிருந்து வந்தது, 1960களில் இந்தப் பூங்காவுக்குள் நுழைந்தது, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. அது ஒட்டிய பட்டை, நம் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி பிடித்தால் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அந்த மாதிரி இருக்கும். இங்கே முதிர்ந்த ஃபர் மரங்களில் பெரும்பகுதியை அது கொன்றுவிட்டது. தெற்கு அப்பலாச்சியன் மலைகளின் உயரமான சிகரங்களைத் தவிர இந்த மரம் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. டிசம்பரில் இங்கே கடைகளில் கிறிஸ்துமஸ் மரமாக அடுக்கி விற்கிறார்களே, அதில் ஏகப்பட்டது இந்த ஃபிரேசர் ஃபர்தான், பண்ணையில் வளர்த்தது. சொந்தக் காட்டில் அது படுகிற பாட்டைப் பார்க்கவேண்டும் என்றால் இந்த டவருக்குத்தான் வரவேண்டும். செத்த தண்டுகளுக்குக் கீழே இளங்கன்றுகள் பச்சையாக, நெருக்கமாக நிற்கின்றன. பட்டை வழவழப்பாக இருக்கும்வரை பூச்சிக்கு ஒண்டிக்கொள்ள இடுக்கு இல்லை, அதனால் தப்பிக்கின்றன. வயதாகிப் பட்டை வெடிக்கும்போது என்ன ஆகும் என்பதுதான் கவலை.

போனவர்கள் சொல்லுங்கள், யார் யாரைப் பார்த்தீர்கள், என்ன பார்த்தீர்கள்.

மறுமொழி:

நல்ல பதிவு அண்ணா. நாங்கள் அட்லாண்டாவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் போனோம், ரோடு திறந்த புதுசு, நிழல் விழுகிற இடங்களில் ஐஸ் அப்படியே கிடந்தது. டவருக்குக் கீழே உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறக்கிறோம், காட்டுக்குள்ளிருந்து ஒரு பையன் பெரிய பையைச் சுமந்துகொண்டு வருகிறான், தாடி, முட்டி வரை சேறு. அப்பலாச்சியன் டிரெயில் என்கிற நெடுந்தூர நடைபாதை இந்தச் சிகரத்தைத் தொட்டுத்தான் போகிறது என்பது அவன் சொல்லித்தான் தெரியும், அந்த முழுப் பாதையிலும் இதுதான் உயரமான இடமாம். ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்துச் சுமார் 200 மைல் நடந்து இங்கே வந்திருந்தான், இன்னும் மெய்ன் வரைக்கும், இரண்டாயிரம் மைல் போல, போகவேண்டும். என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை, பேப்பர் தட்டில் சோற்றை வைத்து நீட்டினார். அவன் வழித்துச் சாப்பிட்டுவிட்டு வேர்க்கடலையை மட்டும் ஒன்றொன்றாகப் பொறுக்கித் தின்றதைப் பார்த்து மாமியார் இன்னொரு கரண்டி வைத்தார். கிளம்பும்போது அவன் கும்பிட்டான். ஊருக்குப் போன பிறகும் மாமியார் போனில் கேட்கிறார், அந்தப் பிள்ளை நடந்து முடித்திருப்பானா என்று.

மறுமொழி:

ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்பதை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன், தெளிவாக இருக்கும் நாளில் ஒருமுறையாவது பார்த்துவிடவேண்டும். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை டவருக்குப் போகிற ரோட்டைக் காருக்கு மூடிவிடுவார்கள், ஆனால் நடந்து போகத் தடை இல்லை. அந்த ரோடு பிரிகிற நியூஃபவுண்ட் கேப் கணவாயில் வண்டியை விட்டுவிட்டு ஏழு மைல் நடந்தோம், திரும்பி வர இன்னொரு ஏழு, நடக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது. மரங்கள் மேலெல்லாம் காற்றடித்த பக்கம் மட்டும் உறைபனி முள் முள்ளாகப் படிந்திருந்தது. டவரில் எங்களைத் தவிர யாரும் இல்லை. தெற்கே ஃபான்டானா ஏரி, வடகிழக்கே லெகான்ட் மலை, நடுவில் நீலமும் சாம்பலுமாக வரிசை வரிசையாக மலைகள், எண்ணி முடியாது. நல்ல நாளில் 100 மைல் வரை தெரியும் என்பார்கள். நிலக்கரி மின் நிலையங்களின் புகையால் ஒரு காலத்தில் அந்தத் தூரம் ரொம்பச் சுருங்கிப் போயிருந்தது. சட்டம் போட்டுப் புகையைக் குறைத்த பிறகு காற்று நன்றாகத் தெளிந்திருக்கிறது. நம் கண்முன்னே சரியான ஒரு விஷயம் இது, அதற்காகவாவது தெளிந்த நாளில் போங்கள் என்கிறேன்.

மறுமொழி:

அம்மாவுக்கு முட்டி வலி, அந்த ஏற்றம் முடியுமா? வீல்சேர் போகுமா? பார்க்கிங்குக்குப் பணம் உண்டா?

மறுமொழி:

பதிவு போட்டவன்தான். வீல்சேர் வேண்டாம் சகோதரி, தார்ப்பாதை என்றாலும் சரிவு அதிகம், பூங்காக்காரர்களே வேண்டாம் என்கிறார்கள். வழியில் பெஞ்சுகள் இருக்கின்றன, உட்கார்ந்து உட்கார்ந்து அம்மா வந்துவிடலாம், இறங்கும்போதுதான் முட்டி அதிகம் வலிக்கும், கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் பார்க்கிங்கிலேயே இருக்கட்டும், சூரியன் மறைவதை அங்கிருந்தே பார்க்கலாம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் டேக் (அனுமதிச் சீட்டு) வாங்கவேண்டும், ஒரு நாளைக்கு 5 டாலர். பெட்ரோலை மலை ஏறும் முன்பே போட்டுவிடுங்கள், பூங்காவுக்குள் பங்க் எதுவும் இல்லை.

புளியோதரை கொடுத்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் போனவர் சொல்வதும் நியாயம்தான், அடுத்து ஜனவரியில் நடந்து போகலாம் என்று ஆசை வந்துவிட்டது.

இன்னொன்று. முடிந்தால் மறுபக்கம் இறங்கிச் செரோக்கி ஊருக்குப் போய், அங்கே அவர்களுடைய மியூசியத்தையும் பாருங்கள். இந்த மலைக்கு அடியில் கரடிகளின் ஊர்ச்சபை கூடும் என்று அவர்களிடம் கதை இருக்கிறது. 1838இல் அமெரிக்க அரசு அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து துரத்தியடித்தபோது பலர் இந்த மலைகளில்தான் ஒளிந்து தப்பினார்கள். இப்போது ஆண்டில் மூன்று முறை, அரை நாள், செரோக்கிப் பள்ளிப் பிள்ளைகள் வந்து படிப்பதற்காக இந்த இடத்தை மற்றவர்களுக்கு மூடுகிறார்கள். எந்தத் தேதி என்று பூங்கா இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.