ஆவாரம்பூ மணப்பாகு கறுத்துப்போச்சு, பாட்டிலும் பொங்குது. எங்கே தப்பு?

பாலமதி அடிவாரம்:

வணக்கம். வீடு வேலூரில், பாலமதி மலைக்குப் போகிற பக்கம். மழை முடிந்ததிலிருந்து கொல்லை வரப்பெல்லாம் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. வழக்கமாக மாட்டுப் பொங்கலன்று மாட்டு மாலையில் நாலு கொத்து சேர்ப்பதோடு சரி. இந்த வருஷம் ஆயா நினைப்பு வந்துவிட்டது. அவர் இருந்தவரை ஆவாரம்பூவில் மணப்பாகு (தண்ணீரில் கலந்து குடிக்கிற சர்க்கரைப் பாகு) காய்ச்சி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, கோடைக்கு எடுத்து வைப்பார். தேன் நிறத்தில் இருக்கும். அளவு யாரும் எழுதி வைக்கவில்லை.

போன ஞாயிறு விடியற்காலையில் நானும் பையனும் ஒரு படி பூ பறித்து வந்தோம். அரை லிட்டர் தண்ணீரில் போட்டு இருபது நிமிஷம் கொதிக்க வைத்து வடிகட்டினேன். 400 மில்லி தேறியது. அதில் கால் கிலோ சர்க்கரை. பாதி கிலோ போடச் சொன்னார் வீட்டுக்காரம்மா, நான்தான் உடம்புக்கு நல்லதில்லையே என்று குறைத்தேன். பழைய முறையிலேயே செய்வோம் என்று, புதிதாக வாங்கிய இரும்பு வாணலியில்தான் காய்ச்சினேன்.

தேன் நிறம் வரவில்லை. முதலில் பச்சை கலந்த பழுப்பு, அப்புறம் சாக்கடைக் கறுப்பு. நாக்கில் வைத்தால் பேனா நிப்பை நக்கின மாதிரி. சரி, ஆறினால் தெளியும் என்று தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேடையில் வைத்தேன். ஐந்தாம் நாள் பாட்டில் வயிறு உப்பி நின்றது. மூடியைத் திருகினதும் 'டப்' என்று சத்தம், நுரை என் சட்டைமேல். கள் வாசனை. குடிக்கலாமா, கொட்டிவிடலாமா?

சேண்பாக்கம் சந்து:

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சொன்னவர் உங்கள் பாட்டிலைப் பார்த்திருக்க மாட்டார் அண்ணா. கொட்டிவிடுங்கள். சட்டையை உடனே ஊறப்போடுங்கள், அந்தக் கறை போவது கஷ்டம்.

பழைய தோல்காரன்:

தம்பி, நான் தோல் பதனிடுகிற டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவன். கறுத்ததற்குக் காரணம் உங்கள் வாணலி, வேறொன்றும் இல்லை. ஆவாரையில் துவர்ப்புச் சத்து இருக்கிறது, டானின் என்பார்கள். பட்டையில் ஏராளம், பூவில் கொஞ்சம். அது இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து எழுத மை காய்ச்சினார்களே, அதே சமாச்சாரம்தான். நீங்கள் மணப்பாகு காய்ச்சவில்லை, மை காய்ச்சியிருக்கிறீர்கள்.

நம் வட ஆற்காட்டுத் தோலுக்குச் சீமை வரைக்கும் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்தச் செடியின் பட்டைதான். குழியில் ஆவாரம்பட்டைத் தண்ணீர் கட்டித் தோலை ஊறப்போடுவார்கள், கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்றே அதற்குப் பெயர். பிற்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, அதற்கும் பிறகு குரோம் உப்பு. பட்டையில் ஊறின ஈரத்தோல்மேல் இரும்புத் தூள் துளி விழுந்தாலும் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும், அப்புறம் அந்தத் தோலுக்கு விலை கிடையாது. இரும்பு வாளியோடு குழிப் பக்கம் போன புதுப் பையன் மேஸ்திரியிடம் வாங்கின திட்டை இங்கே எழுத முடியாது. (அந்தப் பையன் நான்தான்.)

இன்னொன்று. பூவைக் கண்ட இடத்தில் பறிக்காதீர்கள். பாலாற்றங்கரையில் பழைய டேனரிகளைச் சுற்றியுள்ள தரிசில் ஆவாரை நன்றாகவே பூக்கும். அந்த மண்ணில் என்ன இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அங்கே பறிக்க மாட்டேன்.

ஒடுகத்தூர் அக்கா:

கறுப்புக்குப் பெரியவர் விடை சொல்லிவிட்டார். பொங்கினதற்கு நான் சொல்கிறேன். நன்னாரியும் ஆவாரையும் பதினைந்து வருஷமாக வீட்டில் காய்ச்சுகிறேன், அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிறேன்.

தம்பி, 400 மில்லி சாற்றுக்குக் கால் கிலோ சர்க்கரை என்றால் நூற்றுக்கு நாற்பது பங்குகூட இனிப்பு இல்லை. அது பாகே இல்லை, புளிக்க வைக்கிற ஈஸ்ட் என்கிற நுண்ணுயிருக்கு வைத்த விருந்து. பூவோடு ஈஸ்ட் எப்படியும் வரும். கொதியில் செத்தாலும் பாட்டிலில், மூடியில், கரண்டியில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாகு கெடாமல் இருக்க நூற்றுக்கு அறுபத்தைந்தாவது சர்க்கரை வேண்டும். அந்த அடர்த்தியில் ஈஸ்டுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. கணக்கு சுலபம்: சாறு ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு பங்கு, தராசில் நிறுத்து. உங்கள் 400 மில்லிக்கு 800 கிராம். உடம்புக்கு ஆகாது என்றால் குறைவாகக் குடியுங்கள், குறைவாகப் போடாதீர்கள். குறைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

இன்னொரு தப்பு, பூவைக் கொதிக்க விட்டது. கொதித்தால் துவர்ப்புதான் இறங்கும். நான் செய்வது இப்படி: வெயில் ஏறுமுன் பறித்து, வெள்ளை வேட்டியில் நிழலில் அரை மணி பரப்பிவிடுவேன். எறும்பும் பொடி வண்டும் தானாக நடந்து போய்விடும். பச்சைப் புழு ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். வெளிர்ப் பச்சையாகப் பறக்குமே ஒரு வண்ணத்துப்பூச்சி, அதன் குஞ்சு. அதற்கு ஆவாரைதான் தாய்வீடு. திரும்பச் செடியில் விட்டுவிடுவேன். அப்புறம் உட்கார்ந்து இதழை மட்டும் உருவ வேண்டும். அடியில் இருக்கும் பச்சைப் பகுதியைச் சேர்த்தால் கசக்கும். ஒரு படி பூ உருவ ஒரு சீரியல் பார்க்கிற நேரம் ஆகும். எவர்சில்வர் பாத்திரத்தில் இதழைப் போட்டு, தளதளவென்று கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் துணியில் வடித்து, லேசாகப் பிழிந்தால் போதும்.

சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. இல்லையென்றால் ஒரு மாதத்தில் பாட்டில் அடியில் கற்கண்டு கட்டும். விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. கம்பிப் பதம் மிட்டாய்க்கு. கண்ணாடி பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய வையுங்கள். பாகு சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள், ஆனால் ஆறின பிறகுதான் மூடி. ஆவியோடு மூடினால் அது மேலே தண்ணீராகக் கோத்துப் பாகின் முகத்தில் சொட்டும். அந்த நீர்த்த இடத்தில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். அதுவரை துணியால் மூடி வையுங்கள்.

பாலமதி அடிவாரம்:

பெரியவரே, அக்கா, ரொம்ப நன்றி. கொட்டிவிட்டேன். வாணலியைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தது.

ஒரு கேள்வி பாக்கி. நைனாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். ஆவாரம்பூ சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே, இந்தப் பாகை அவருக்குக் கொடுக்கலாமா?

ஒடுகத்தூர் அக்கா:

நல்லா கேட்டீங்க போங்க! டம்ளருக்கு 30 மில்லி பாகு கலந்தால் அதில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை, டீஸ்பூன் கணக்கில் ஐந்தாறு. ஒரு இதழ் ஆவாரைக்காக அவ்வளவையும் விழுங்குவாரா? வெறும் பூத்தண்ணீர் கேட்டால்கூட, மாத்திரை போடுகிறவர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிக்கட்டும்.

சேண்பாக்கம் சந்து:

அக்கா, எங்கள் தெருவிலும் மஞ்சளாக ஒரு மரம் பூத்திருக்கிறது. அதில் செய்யலாமா?

பழைய தோல்காரன்:

பூ குழல் மாதிரி நீண்டு, காம்பை ஒடித்தால் பால் வருகிறதா? அப்படியானால் அது மஞ்சள் அரளி. பூ, காய், இலை எல்லாமே விஷம், விளையாட்டில்லை. ஆவாரை பெரும்பாலும் புதர்தான், பெரிய மரம் ஆகாது. ஐந்து இதழ், உற்றுப் பார்த்தால் பழுப்பு நரம்பு தெரியும், காய் தட்டையாகக் காகிதம் போல இருக்கும். எனக்கு என் அப்பா காட்டின அடையாளம் வேறு: இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு சின்ன இலை ஒட்டியிருக்கும். காது இல்லையென்றால் கை வைக்காதே என்பார். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்கவும் வேண்டாம், வனத்துறைக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டிவரும்.

பாலமதி அடிவாரம்:

மறுபடி காய்ச்சினேன். நிறம் வந்துவிட்டது! ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கொம்புத்தேன் மாதிரி. இதழ் உருவ வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்தோம். பையன் புழு எண்ணினான், ஏழு. நைனாவுக்குக் கால் ஸ்பூன் மட்டும் நாக்கில் விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஆயா ரெண்டு ஏலக்காய் தட்டிப் போடுவாங்க" என்றார். ஐம்பது வருஷமாக இதை யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

இரண்டு பாட்டில் நிறைந்தது, மூன்றாவதில் அடியில் கொஞ்சம். அந்த மூன்றாவதை மட்டும் மேடையிலேயே வைத்து தினமும் மூடியைத் திருகிப் பார்க்கிறேன். இன்றோடு பதினொரு நாள், சத்தம் இல்லை.